அனுமதிக் கடிதத்துக்கும் பால் காய்ச்சும் நாளுக்கும் நடுவே

வீடு, மனை, கடன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் ராமமூர்த்தி நகரில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஓசூர் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், கட்டி எட்டு ஆண்டுகளான இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை 82 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். 5 லட்சம் முன்பணம் கொடுத்து, தரகர் எழுதித் தந்த ஒரு பக்க ரசீதை வாங்கி வைத்திருக்கிறோம். எங்கள் இருவர் பெயரிலும் 60 லட்சத்துக்கு வங்கி அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டது. விற்பவருக்கு அதே வீட்டின் பேரில் வேறொரு வங்கியில் இன்னும் கடன் பாக்கி இருக்கிறது. அவர்கள் கன்னடக் குடும்பம். ஆஷாடத்தில் பத்திரப் பதிவு வேண்டாம் என்கிறார்கள். என் மாமியார் ஆடியில் வேண்டாம் என்கிறார். ஆவணியில் பால் காய்ச்சிவிடலாம் என்று எண்ணி, இப்போதைய வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியும் விட்டோம். கடிதம் வந்த பிறகு இனி என்ன வேலை என்று தரகர் கேட்கிறார். உண்மையில் என்னென்ன மீதி இருக்கின்றன?
(வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு)

பதில்: பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது. அனுமதிக் கடிதம் என்பது உங்கள் இருவரின் சம்பளத்தையும் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணையும் பார்த்து, இவ்வளவு தொகை வரை கடன் தரலாம் என்று வங்கி எடுத்த முடிவு மட்டுமே. நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் பத்திரங்களை வங்கியின் வழக்கறிஞர் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் படிக்கிறார், மதிப்பீட்டாளரும் அதற்குப் பிறகுதான் வீட்டைப் பார்க்க வருகிறார். இந்த இருவரில் ஒருவர் தலையசைக்காவிட்டாலும் கடன் தொகை பட்டுவாடா ஆகாது. கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளை இன்றே படியுங்கள். அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று வங்கிக்கு வங்கி இது மாறும். வட்டியும் நிலையானதல்ல. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருப்பதால், கடிதத்தில் உள்ள விகிதம் பட்டுவாடா நாளில் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கலாம்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது உங்கள் கையில் இருக்கும் ஒரு பக்க ரசீது. 5 லட்சம் சின்னத் தொகையல்ல. இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை வைத்து, உரிய முத்திரைத்தாளில் முறையான விற்பனை ஒப்பந்தம் எழுதி, விற்பவரும் நீங்களும் கையெழுத்திடுங்கள். பத்திரத்தில் குறை இருப்பதாலோ மதிப்பீடு குறைவதாலோ வங்கி கடன் தர மறுத்தால் முன்பணத்தை இத்தனை நாளுக்குள் முழுதாகத் திருப்பித் தரவேண்டும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். விற்பவரின் கடன் பாக்கி எவ்வளவு, அதை யார் எப்போது அடைப்பது, வீட்டோடு எந்தெந்தப் பொருள்கள் சேரும், கார் நிறுத்துமிடத்தின் எண் என்ன, சாவி எந்த நாளில் கைமாறும் என்பவையும் எழுத்தில் வரவேண்டும். தரகர் இதைத் தேவையற்ற செலவு என்பார். அவருடைய தரகுத்தொகை பதிவு நாளோடு முடிந்துவிடும். உங்கள் தவணையோ இருபது ஆண்டு ஓடும்.

கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் இதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டி மட்டுமல்லாமல் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அந்த அறிக்கை காட்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்கவேண்டும், உள்ளடக்கத்தை விளக்கியும் சொல்லவேண்டும் என்று அதே உத்தரவு கூறுகிறது. படித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உங்களுக்கு உண்டு. ஆகவே ‘இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி’ என்ற அவசரத்துக்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை.

அடுத்தது பத்திரச் சரிபார்ப்பு. தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, விவசாய நிலமாக இருந்திருந்தால் வீட்டு மனையாக மாற்றிய உத்தரவு இருக்கிறதா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், குடிபுகு சான்று, சொத்துவரி ரசீதுகள், இ-காத்தா (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவேட்டுச் சான்று) ஆகியவை சரியாக உள்ளனவா என்று வழக்கறிஞர் பார்ப்பார். பெங்களூருவில் 2024 இறுதியிலிருந்து இ-காத்தா இல்லாமல் பத்திரப் பதிவே நடப்பதில்லை என்பதால், விற்பவர் அதை எடுத்து வைத்திருக்கிறாரா என்று முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள். இதில் சிக்கிப் பதிவு தள்ளிப்போன குடும்பங்கள் பல. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். அது கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவிலும் தேதி, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், பத்திரத்தின் வகை ஆகிய நான்கையும் ஒரு தாளில் தமிழில் எழுதிப் பாருங்கள். விற்பவர் வாங்கிய கிரயப் பத்திரமும், அவருடைய வங்கிக்குப் பத்திரங்களை ஒப்படைத்த பதிவும் அதில் தெரியும். வேறு ஏதேனும் பெயர் தென்பட்டால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும்.

வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார், அது போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். தவணை நின்றால் இந்த வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதே அவர் முன்னுள்ள கேள்வி. உங்கள் பெயருக்கு வரும் மனைப் பங்கு எவ்வளவு, கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா, குடியிருப்போர் சங்கத்துக்கு விற்பவர் வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு என்பவை அவர் வேலையில் சேராமல் போகலாம். ஆகவே உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இனி பணக் கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. உங்கள் 60 லட்சம் இந்த வரம்புக்குள் இருக்கிறது என்றாலும், மதிப்பீட்டாளர் 82 லட்சத்தைவிடக் குறைத்து மதிப்பிட்டால் வங்கி அந்தக் குறைந்த தொகையைத்தான் கணக்கில் எடுக்கும். வீட்டின் விலையில் உங்கள் பங்கு 22 லட்சம். அதற்கு மேல் கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அந்தத் தீர்வையின் மேல் 10 சதவீத செஸ், 2 சதவீத கூடுதல் வரி, அத்துடன் 2025 ஆகஸ்ட் 31 முதல் இரட்டிப்பாக்கப்பட்ட 2 சதவீதப் பதிவுக் கட்டணம். உங்கள் வீட்டுக்கு இவை முறையே 4,10,000, 41,000, 8,200, 1,64,000 ரூபாய். கூட்டினால் 6,23,200 ரூபாய் ஆகிறது. அரசின் வழிகாட்டு மதிப்பு நீங்கள் பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால் இதுவும் உயரும். வழக்கறிஞர் கட்டணம், வங்கிக்குப் பத்திரம் ஒப்படைக்கும் ஆவணத்துக்கான செலவு, சங்கத்துக்குக் கட்டவேண்டியது, வண்டிக் கூலி ஆகியவை தனி. பதிவுக்கு முந்தைய வாரத்தில் நகையை எடுத்துக்கொண்டு ஓடும் நிலை வராமல் இருக்க, இந்தத் தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டவேண்டும். உங்களுக்கு மொத்தம் 82,000 ரூபாய். இதை விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்தே கழித்துக்கொள்கிறீர்கள் என்பதால் கூடுதல் செலவில்லை. பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு: முன்பணத்துக்கும் இது பொருந்தும். நீங்கள் கொடுத்த 5 லட்சத்துக்கு உரிய வரியை, அதைக் கொடுத்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணமும் வட்டியும் சேரும். வாங்குபவர்கள் இருவர் என்பதால் இருவரும் தனித்தனியே படிவம் தாக்கல் செய்யவேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்று தெரிய வந்தால் விகிதமும் விதியும் முற்றிலும் வேறு. ஆடிட்டரிடம் போகாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

விற்பவரின் கடன் பாக்கிதான் இந்த இடைக்காலத்தின் முடிச்சு. மூலப் பத்திரங்கள் எல்லாம் அவருடைய வங்கியின் பெட்டகத்தில் உள்ளன. பாக்கியை அடைக்காமல் அவை வெளியே வராது. உங்கள் வங்கியோ மூலப் பத்திரம் இல்லாமல் பணம் தராது. ஆகவே அவர் தன் வங்கியிடமிருந்து இரண்டு தாள்களை எழுதி வாங்கி வரவேண்டும். ஒன்று, இந்தத் தேதி வரை இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு வட்டி கூடும் என்று சொல்லும் ஃபோர்குளோஷர் கடிதம். மற்றொன்று, வங்கியின் வசம் உள்ள ஆவணங்களின் பட்டியல். இவற்றைப் பார்த்த பிறகு உங்கள் வங்கி, பாக்கித் தொகைக்கு விற்பவரின் வங்கி பெயரிலேயே ஒரு டிடியும் மீதிக்கு விற்பவர் பெயரில் ஒரு டிடியும் எடுக்கும். ‘நான் கட்டிக்கொள்கிறேன், பணத்தை என் கணக்கில் போடுங்கள்’ என்று விற்பவர் எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாக்கி அடைந்ததும் அந்த வங்கியின் அடமான விடுவிப்பு பதிவாகி, புதிய வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்தும் பழைய ஒப்படைப்புப் பதிவு மட்டும் சான்றில் தனியாக நின்றால், நாளை நீங்கள் விற்கப் போகும்போது அதற்காக அலைய வேண்டியவர் நீங்கள்தான்.

பதிவு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரயப் பத்திரத்தில் ஒவ்வொரு டிடியின் எண்ணும் தேதியும் தொகையும், வரியாகப் பிடித்த தொகையும் எழுதப்பட வேண்டும் என்பதால், வங்கி டிடியைப் பதிவுக்கு ஓரிரு நாள் முன்னதாகவே எடுத்துவிடும். வங்கியின் ஆள் ஒருவர் டிடிகளை உறையில் வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, உங்கள் இரு தரப்பின் புகைப்படமும் கைரேகையும் எடுத்துக் கையெழுத்தான பிறகே கைமாற்றுவார். அன்று காவேரி சர்வர் நின்றாலோ விற்பவர் தரப்பில் ஒருவர் வராமல் போனாலோ பதிவு தள்ளிப்போகும். டிடி வங்கி அதிகாரியின் மேசையிலேயே கிடக்கும். ஆனால் உங்கள் கணக்கில் வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். அனுமதி தந்த தேதியிலிருந்தோ ஒப்பந்தம் எழுதிய தேதியிலிருந்தோ வட்டி போடுவதும், காசோலையைப் பல நாள் கழித்துக் கொடுத்துவிட்டு அதன் தேதியிலிருந்தே வட்டி வசூலிப்பதும் நியாயமற்றவை என்று 2024 ஏப்ரல் 29-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டு, அதிகமாக வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறது. ஆகவே முதல் கணக்கு அறிக்கை வந்ததும், வட்டி தொடங்கிய தேதியையும் பணம் உண்மையில் கைமாறிய தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 60 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 1,400 ரூபாய். ஒரு வாரம் என்றால் சுமார் 9,800 ரூபாய். எழுதிக் கேட்டு வாங்க வேண்டிய தொகைதான் அது.

ஆஷாடமும் ஆடியும் பெங்களூருத் தமிழர்களின் தனிப் பிரச்சினை. சந்திரமான ஆஷாடம் ஜூன் பிற்பகுதியில் தொடங்கி ஜூலை பிற்பகுதி வரையிலும், நம் ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடு வரையிலும் நீள்வதால், விற்பவர் ஒருபுறமும் வாங்குபவர் ஒருபுறமும் மறுத்தால் ஏறத்தாழ இரண்டு மாதம் பதிவுக்கு இல்லாமல் போகிறது. அனுமதிக் கடிதத்தின் காலம் மட்டும் நிற்காமல் ஓடும். பெரியவர்களின் மனம் நோக வேண்டியதில்லை. வில்லங்கச் சான்று எடுக்கவும், வழக்கறிஞர் படிக்கவும், மதிப்பீட்டாளர் வரவும், ஃபோர்குளோஷர் கடிதம் கேட்கவும் முகூர்த்தம் தேவையில்லை. அந்த மாதங்களை இந்த வேலைகளுக்கு வைத்துக்கொண்டு, பதிவையும் பால் காய்ச்சுவதையும் ஆவணிக்கு விடுங்கள். கடிதத்தின் காலம் அதற்குள் முடியும் என்றால் நீட்டிப்பை இப்போதே எழுத்தில் கேளுங்கள். இப்போதைய வீட்டுக்காரரிடம் பேசி, பதிவு முடிந்து குறைந்தது ஒரு மாதம் வரை இருக்க அனுமதி வாங்குங்கள். சாவி கைக்கு வராமல், இருக்கும் வீட்டையும் விட்டுவிட்டுக் குழந்தைகளோடு உறவினர் வீட்டில் தங்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

கேள்வி: வீட்டுக் கடன் அனுமதியாகிவிட்டது, பதிவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இப்போது வேறு நிறுவனத்தில் 30 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கூடுவதால் வங்கிக்கு நல்லதுதானே? புது வீட்டுக்கு வேண்டிய கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டியைத் தவணையில் வாங்கவும் எண்ணியிருக்கிறேன்.
(வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு)

பதில்: வங்கி அப்படிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு அனுமதி தந்தபோது இருந்த வேலை, வருமானம், பிற கடன்கள் ஆகியவை பட்டுவாடா நாளிலும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அநேகமாக எல்லா அனுமதிக் கடிதங்களிலும் உள்ள நிபந்தனை. பணம் தருவதற்கு முன் சிலர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிச் சரிபார்ப்பார்கள். சிபில் அறிக்கையை மறுபடியும் எடுப்பார்கள். புதிய இடத்தில் நீங்கள் தகுதிகாண் காலத்தில் இருப்பவர் என்று தெரிந்தால், மூன்று மாதச் சம்பளச் சீட்டு வரட்டும் என்று கோப்பை நிறுத்தி வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. விற்பவருக்குக் கொடுத்த கெடு அதற்குள் கடந்துவிட்டால் உங்கள் முன்பணம் ஆபத்துக்கு உள்ளாகிறது.

புதிய நிறுவனத்திடம் சேரும் நாளைப் பதிவுக்குப் பின் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பழைய நிறுவனத்தில் விலகல் காலமே இரண்டு மாதம் இருக்கும் இடங்களில் இது தானாகவே அமைந்துவிடும். முடியாது என்றால், மறைக்காமல் புதிய நியமன உத்தரவோடு வங்கிக்குச் சென்று, தங்களுக்குச் சம்மதமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பின்னால் தெரிய வந்தால் தவறான தகவல் தந்தீர்கள் என்று கடனையே ரத்து செய்ய இடம் கொடுத்துவிடும். தவணையில் பொருள் வாங்குவதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். ஒவ்வொரு தவணைக் கடனும் மாதம் நீங்கள் கட்டக்கூடிய தொகையைக் குறைத்துக் காட்டுகிறது. கடன் அட்டையில் வரம்பு முழுதும் செலவழித்தாலும் மதிப்பெண் இறங்கும். பாயிலும் தலையணையிலும் ஒரு மாதம் படுப்பதால் வீட்டுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

கேள்வி: சர்ஜாபூர் சாலைப் பக்கம் கட்டுமானத்தில் இருக்கும் குடியிருப்பில் வீடு பதிவு செய்து, விலையில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கியும் நாங்களுமாகக் கட்டிவிட்டோம். குடிபுகு சான்று மூன்று மாதத்தில் வந்துவிடும், அதுவரை உள்வேலைகளை முடித்துக் குடிவந்துவிடுங்கள் என்று கட்டுநர் ‘ஃபிட்-அவுட்’ சாவி தருகிறார். அதற்காகக் கடைசித் தவணையையும் கேட்கிறார். வாடகையும் வட்டியும் சேர்ந்து எங்களால் தாங்க முடியவில்லை. போய்விடலாமா?
(வாசகி, முருகேஷ்பாளையா, பெங்களூரு)

பதில்: உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஒரு பக்கம் வாடகை, மறு பக்கம் இதுவரை பட்டுவாடா ஆன தொகைக்கான வட்டி. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் மாதாமாதம் கட்டுவது மனதை அறுக்கும். ஆனாலும் குடிபுகு சான்று வராத கட்டடத்தில் குடியேறாதீர்கள் என்றே சொல்வேன். அந்தச் சான்று இருந்தால்தான் வரைபடத்தின்படி கட்டியிருக்கிறார்கள் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதாகப் பொருள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சான்று பெற்ற பிறகே கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும், மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைச் சான்றைக் காட்டிய பிறகே கொடுக்க வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்று கூறியிருக்கிறது. அதற்குப் பிறகு பெங்களூருவில் வீடு கட்டி முடித்தும் பெஸ்காம் மின் இணைப்புக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். கட்டுமானத்துக்காகக் கட்டுநர் எடுத்த தற்காலிக மின்சாரத்திலும் லாரித் தண்ணீரிலும் எத்தனை மாதம் குடும்பம் நடத்துவது? சான்று தாமதமானால் நீங்கள் வெளியே போகவும் முடியாமல், உள்ளே இருக்கவும் முடியாமல் ஆகிவிடும்.

சாவியோடு அவர்கள் கையெழுத்துக் கேட்கும் தாளைக் கவனமாகப் படியுங்கள். வீட்டைத் திருப்தியோடு ஒப்புக்கொண்டேன், தாமதம் குறித்து எந்தக் கோரிக்கையும் இல்லை என்பது போன்ற வரி அதில் இருந்தால், நீங்கள் இழப்பது பெரிது. ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்ட தேதிக்குள் வீட்டை ஒப்படைக்காவிட்டால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் கட்டுநர் உங்களுக்கு வட்டி தரவேண்டும். கர்நாடக விதிகளில் அது பாரத ஸ்டேட் வங்கியின் எம்.சி.எல்.ஆர் எனப்படும், நிதி திரட்டும் செலவை வைத்துக் கணக்கிடும் கடன் விகிதங்களில் மிக உயர்ந்ததற்கு மேல் 2 சதவீதம். நீங்கள் வங்கிக்குக் கட்டும் வட்டியின் சுமையை ஈடுசெய்யக்கூடிய அந்த உரிமையை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கடைசித் தவணைக்கும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சான்று வந்து வீடு ஒப்படைக்கும்போது கட்ட வேண்டியது என்று அதில் இருந்தால், அதற்கு முன் தரவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை; வங்கிக்கும் அதே பக்கத்தைக் காட்டி, உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கட்டுநருக்குப் பணம் விடக்கூடாது என்று மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

சான்று வந்த பிறகு இரண்டு மாதத்துக்குள் வீட்டை ஏற்றுக்கொள்வது உங்கள் கடமை என்றும் சட்டம் சொல்கிறது. அந்த நாளில் சாவி வாங்குவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குளியலறையின் எதிர்ச் சுவரோரம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அது வடிகாலுக்குப் போகிறதா, வாசற்படிக்கு வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும். கைபேசி சார்ஜரை எல்லாப் பிளக்கிலும் செருகிப் பாருங்கள். ஜன்னல் கதவுகளைத் தாழிட்டுத் திறந்து பாருங்கள். மழைக்காலமாக இருந்தால் ஜன்னல் மூலைகளில் கையை வைத்துப் பாருங்கள். கண்ட குறைகளையெல்லாம் எழுதிக் கட்டுநரின் பொறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கட்டுமானக் குறை எதுவும் ஐந்து ஆண்டுக்குள் தென்பட்டால், தெரிவித்த 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தரவேண்டிய பொறுப்பு கட்டுநருக்கு உண்டு. அதற்கும் இந்தத் தாள்தான் முதல் ஆதாரம்.

கேள்வி: வீட்டுக் கடனோடு காப்பீடும் எடுத்தே தீரவேண்டும் என்று வங்கி அலுவலர் சொல்கிறார். ஒரே தவணைப் பிரீமியம் 1,50,000 ரூபாயையும் கடனிலேயே சேர்த்துவிடுவார்களாம். கட்டாயமா?
(வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: அவர்கள் காட்டும் நிறுவனத்திடமே, அவர்கள் சொல்லும் தொகைக்கே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. 1,50,000 ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனில் சேர்த்தால், மாதத் தவணை சுமார் 1,302 ரூபாய் கூடி, முடிவில் நீங்கள் கட்டியிருப்பது 3,12,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். ஆயினும் காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பாதிக்கும் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால் வீடும் கடனும் குடும்பத்தின் தலையில் விழும். கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் காப்பீட்டை (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் தொகை தரும் ஆயுள் காப்பீடு) வெளியில் விலை ஒப்பிட்டு எடுத்து, அதன் நகலை வங்கிக்குக் கொடுங்கள். கட்டாயம் என்று மறுபடியும் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

கேள்வி: பதிவு முடிந்து, பானஸ்வாடியில் புது வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மூலப் பத்திரத்தை வங்கி வாங்கிக்கொண்டது. இன்னும் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா?
(வாசகர், பானஸ்வாடி, பெங்களூரு)

பதில்: இருக்கிறது. வங்கிக்குக் கொடுத்த ஒவ்வொரு ஆவணத்தையும் பெயர், தேதி, பக்க எண்ணிக்கையோடு குறித்த பட்டியலை, வங்கி முத்திரையுடன் கேட்டு வாங்குங்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தராவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. எதைக் கொடுத்தோம் என்பதற்குச் சான்று இருந்தால்தான் அன்று அதைக் கேட்க முடியும். கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஒன்றை எடுத்து வீட்டில் வையுங்கள். விற்பவருக்காகப் பிடித்த 1 சதவீத வரியைக் கட்டியிருந்தால் அதற்கான சான்றிதழை இறக்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

இ-காத்தாவில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியின் இடத்தில் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டதால், உங்கள் வார்டு இப்போது எந்த மாநகராட்சியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது அலைச்சலைக் குறைக்கும். அதையடுத்து பெஸ்காம் கணக்கையும், தனி இணைப்பு இருந்தால் குடிநீர்க் கணக்கையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் பதிவேட்டில் பெயரையும் கார் நிறுத்துமிட எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து புதிய வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்து, உங்கள் கிரயமும் உங்கள் வங்கியின் அடமானமும் மட்டுமே கடைசிப் பதிவுகளாக இருக்கின்றனவா என்று சரிபார்த்து, அந்தத் தாளையும் மற்ற நகல்களோடு கோப்பில் சேர்த்துவிடுங்கள்.